கேம் ஷாஃப்டும் டார்க் கன்வெர்ட்டரும் – ஒரு பொருத்தத்தின் வரலாறு

முன்னுரை

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது இரண்டே விஷயம்தான். ஒன்று கோட்டை. இன்னொன்று தேசிங்கு ராஜாவின் குதிரை. 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞரைப் பற்றிய கதைப்பாடலில், டெல்லி பாதுஷாவிடம் இருந்த முரட்டுக் குதிரையை அவர் அடக்கிய கட்டம்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது வேறு விஷயம். ஆனால் கதை சொல்லும் நீதி சரியானது. குதிரைக்குப் பலம் இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பொருத்தமான ஆள் மேலே உட்கார வேண்டும்.

கார்களிலும் இதே கதைதான். நம் பையன்கள் கார் இன்ஜினைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பது. அந்தக் குதிரைத்திறன் எந்த வேகத்தில் கிடைக்கிறது, அது சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இரண்டு பாகங்கள்தான் கேம் ஷாஃப்டும் டார்க் கன்வெர்ட்டரும். இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காகப் பிறந்தவை. நம் ஊருக்கும் வேறு வேறு வழியாக வந்து சேர்ந்தவை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கேம் ஷாஃப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினின் மூச்சுக்குழாய்களைத் திறந்து மூடும் வாட்ச்மேன் என்று கேம் ஷாஃப்டைச் சொல்லலாம். முட்டை வடிவில் புடைத்திருக்கும் அதன் லோப்கள் வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது!

அவ்வளவு குறைந்த நேரத்தில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வேண்டும். அதனால் பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருப்பார்கள். வேகமாக ஓடும் இன்ஜினில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் எதிரே வந்தாலும் அது நுழைந்துகொண்டே இருக்கும். பந்தயக் கேம்களில் இந்தத் திறந்திருக்கும் காலம் (இதைத்தான் டியூரேஷன் என்கிறார்கள்) இன்னும் அதிகம். அதனால் 5,000, 6,000 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் பிய்த்துக்கொண்டு போகும்.

ஆனால் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த உந்தம் கிடையாது. உள்ளே வந்த கலவையை ஏறி வரும் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். அதனால் கீழ் வேகத்தில் டார்க் குறைகிறது, ஐடிலிங்கில் இன்ஜின் தடுமாறுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர் பொதுவாக இன்ஜினின் வெற்றிடத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. பந்தயக் கேம் போட்டால் ஐடிலிங்கில் அந்த வெற்றிடம் குறையும், பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

ஆக, பெரிய கேம் சக்தியைச் சும்மா கூட்டித் தருவதில்லை. கீழே இருக்கும் டார்க்கை எடுத்து மேலே கொண்டு போய் வைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சோழவரத்தில் கற்ற பாடம்

தமிழ்நாட்டில் கேம் ஷாஃப்டைப் பற்றித் தெரிந்த மெக்கானிக்குகள் உருவான இடங்களில் முதன்மையானது சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் திறக்கப்படும் வரை, தென்னிந்தியாவின் பெரிய பந்தயங்கள் சோழவரத்தில்தான் நடந்தன.

அந்தக் காலத்தில் கிடைத்த கார்கள் என்ன? ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரீமியர் பத்மினி என்று பிறகு பெயர் மாறிய ஃபியட் 1100-ன் இன்ஜின் 1,089 சி.சி. தான். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்கள் அவை. வெளிநாட்டுப் பந்தயக் கேம் வாங்குவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் கைகொடுப்பது பழைய கேமையே மறுபடி கிரைண்டிங் செய்யும் வித்தை. லோபின் மூக்கை விட்டுவிட்டு, அதன் அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்கினால் மூக்குக்கும் அடிவட்டத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் கூடும். வால்வு அதிகமாகத் திறக்கும். கேட்க எளிது, செய்வது நுணுக்கமான வேலை.

இந்தப் பந்தய உலகத்திலிருந்து வந்தவர்தான் கோயம்புத்தூர் கரிவர்தன். மாருதி 800 காரின் பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, சாதாரணப் பையன்களும் பந்தயம் ஓட்ட வழி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்து போனார். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சோழவரத்தில் ஓடிய அந்த நாட்டு வண்டிகளெல்லாம் கிளட்ச்சும் கியரும் உள்ளவை. பெரிய கேம் போட்ட இன்ஜினுக்குக் கீழே டார்க் இல்லையென்றால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஆக்சிலேட்டரை மிதித்து 4,000-க்கு ஏற்றி, கிளட்ச்சை லேசாக வழுக்கவிட்டுக் கிளம்புவார். பிறகு கியரை மாற்றி மாற்றி இன்ஜினை அந்த வேகத்திலேயே வைத்திருப்பார். அதாவது கேமுக்கும் ரோட்டுக்கும் பொருத்தம் பார்த்தது அவருடைய இடது கால்! ஆட்டோமேட்டிக் காரில் இடது காலுக்கு வேலை இல்லை. அப்போது யார் பொருத்தம் பார்ப்பது? அந்த வேலை டார்க் கன்வெர்ட்டரிடம் போகிறது.

கப்பலில் பிறந்த கன்வெர்ட்டர்

டார்க் கன்வெர்ட்டரைக் கண்டுபிடித்தவர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். இன்று போலந்தில் இருக்கும் ஸ்டெட்டின் நகரத்தின் வல்கன் கப்பல் தளத்தில் அவர் வேலை பார்த்தார். 1905-ல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் இதுதான். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைச் சரியாகத் தள்ளும். இரண்டையும் எப்படி இணைப்பது?

அவர் சொன்ன வழி, இடையில் ஒரு திரவத்தை வைப்பது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜினோடு சுற்றும் பகுதி பம்ப், கியர் பெட்டியோடு சுற்றும் பகுதி டர்பைன். இந்த இரண்டு மட்டும் இருந்தால் அது வெறும் இணைப்பு. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரத்தை வைத்து, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டால் டார்க் பெருகுகிறது. காரில் உள்ள கன்வெர்ட்டர் கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் டார்க்கைச் சுமார் 2 மடங்கு ஆக்கிக் கொடுக்கும்.

ஆக, பொருந்தாத இரண்டு வேகங்களைப் பொருத்தி வைக்கத்தான் இந்தச் சாதனமே பிறந்தது.

நம் நாட்டில் கன்வெர்ட்டர் வந்த வழி

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் பெயர் வாங்கியது கார்களில் அல்ல, தண்டவாளத்தில். ரயில்வே பொறியாளர் எம்.எம். சூரி உருவாக்கிய சூரி டிரான்ஸ்மிஷன் உலக அளவில் கவனிக்கப்பட்டது. 1962-ல் அவருக்குப் பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. அவருடைய யோசனை அழகானது. ரயில் கிளம்பும்போது கன்வெர்ட்டர் வேலை செய்யட்டும். வேகம் எடுத்ததும் அதை ஒதுக்கிவிட்டு இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைத்துவிடு. எண்ணெயில் வழுக்கி வீணாகும் சக்தி மிச்சம். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்.-4 வகை ஷண்டிங் இன்ஜின்களில் இந்த முறை இடம்பெற்றது.

ரயில் இல்லாத எங்கள் செஞ்சிக்கு அதே தொழில்நுட்பம் வந்தது ஜே.சி.பி. வடிவத்தில்! வீடு கட்டும் இடம், ஏரி தூர்வாரும் இடம், கல் குவாரி என்று எங்கும் நிற்கும் அந்த மஞ்சள் வண்டிக்குள் இருப்பது டார்க் கன்வெர்ட்டர்தான். ஆபரேட்டர் முன் பக்கெட்டை மண்மேட்டில் முட்டக் கொடுத்து மிதிக்கும்போது கவனித்துப் பாருங்கள். சக்கரம் நின்றுவிடும், இன்ஜின் உறுமும், ஆனால் ஆஃப் ஆகாது. கிளட்ச் வண்டியாக இருந்தால் அந்த இடத்தில் இன்ஜின் நின்றுபோயிருக்கும்.

சக்கரம் நிற்கும்போது, முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் எந்த வேகம் வரை ஏற முடிகிறதோ அதற்குத்தான் ஸ்டால் வேகம் என்று பெயர். பொருத்தம் பார்க்கும் கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது.

இப்படி, கேம் வித்தை சோழவரம் வழியாகவும் கன்வெர்ட்டர் வித்தை ரயிலும் மண்வெட்டும் இயந்திரமும் வழியாகவும் நமக்கு வந்தன. இரண்டையும் ஒரே காரில் சேர்த்துப் பார்க்கும் அவசியம் இங்கே வரவில்லை. காரணம், ஆட்டோமேட்டிக் கார் என்பது வெகுகாலம் நம் ரோட்டில் அபூர்வம். அந்த இரண்டும் சந்தித்த இடம் அமெரிக்கா.

அமெரிக்காவில் நடந்த சந்திப்பு

இரண்டாம் உலகப் போரில் எம்-18 ஹெல்கேட் என்ற பீரங்கி வண்டியை பியூக் நிறுவனம் கட்டியது. அதில் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது. போர் முடிந்ததும் அதே அனுபவத்தை வைத்து 1948-ல் டைனாஃப்ளோ என்ற கியர்பெட்டியைக் கார்களில் கொண்டுவந்தது. நோக்கம் பந்தயம் இல்லை, சொகுசு. கிளட்ச் மிதிக்காமல், குலுங்காமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் இன்னொரு கூட்டம் இருந்தது. பழைய கார்களை வாங்கி இன்ஜினை முறுக்கேற்றும் இளைஞர்கள். எட் வின்ஃபீல்டு, அவருக்குப் பின் எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் கேம் கிரைண்டிங்கில் பெயர் பெற்றார்கள். 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கம் தொடங்கி, நேர்கோட்டுப் பந்தயம் முறைப்படுத்தப்பட்டது. 1956-ல் கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் வந்த பிறகு ஆட்டோமேட்டிக் கார்களும் பந்தயத்துக்கு வந்தன.

அங்கேதான் சிக்கல் தெரிந்தது. கேம் கேட்பது 3,000-க்கு மேல். சொகுசுக் காரின் கன்வெர்ட்டர் தருவது 1,800. பச்சை விளக்கு விழுந்ததும் கார் முனகிக்கொண்டே நகரும். பாதி தூரம் போன பிறகுதான் இன்ஜின் விழித்துக்கொள்ளும்! அதற்குள் பக்கத்துக் கார் போய்விடும். அதிலிருந்துதான் ஸ்டால் வேகம் கூடிய கன்வெர்ட்டர்களைத் தனியாகச் செய்யும் தொழில் வளர்ந்தது.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

ஸ்டால் வேகம் என்பது கன்வெர்ட்டரின் மேல் அடித்துவைத்த நிரந்தர எண் அல்ல. அது இன்ஜினைப் பொறுத்து மாறும். விதி எளிது. இன்ஜினின் டார்க் எத்தனை மடங்கோ, அதன் வர்க்கமூலம் எவ்வளவோ, ஸ்டால் வேகம் அத்தனை மடங்கு.

200 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினோடு ஒரு கன்வெர்ட்டரின் ஸ்டால் 2,000 என்று வைத்துக்கொள்வோம். அதே கன்வெர்ட்டரை 288 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினோடு மாட்டினால் டார்க் 1.44 மடங்கு, ஸ்டால் 1.2 மடங்கு. அதாவது 2,400.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். பழைய இன்ஜினில் பெரிய கேம் போடுகிறோம். அது கீழ் வேகத்து டார்க்கைத் திருடி மேலே கொண்டு போகும் என்று பார்த்தோம். அந்த இடத்தில் டார்க் 162 ஆகக் குறைந்தால் 0.81 மடங்கு. ஸ்டால் 0.9 மடங்கு, அதாவது 1,800. கேம் மாற்றியதால் நமக்குத் தேவை 2,800, ஆனால் கையில் இருந்த 2,000-மும் 1,800 ஆகக் குறைந்துவிட்டது! கேமை மட்டும் மாற்றினால் கார் முன்பைவிட மந்தமாவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டாலை ஏற்றுவதற்குப் பொதுவான வழி கன்வெர்ட்டரின் விட்டத்தைக் குறைப்பது. அது தாங்கும் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. ஒரே அமைப்பில் விட்டம் 10 சதவீதம் குறைந்தால் தாங்கும் டார்க் சுமார் 41 சதவீதம் குறையும், 2,000 ஸ்டால் 2,600 ஆகும். உள்ளே உள்ள இறக்கைகளின் கோணத்தை மாற்றியும் ஸ்டாலைக் கூட்டலாம்.

செஞ்சி ரோட்டில் ஓட்டினால்?

அப்படியென்றால் பெரிய கேமும் 3,500 ஸ்டால் கன்வெர்ட்டரும் போட்டால் பொருத்தம் சரியாகிவிடுமா? பந்தயத்துக்கு ஆகலாம், ரோட்டுக்கு ஆகாது. இங்கேதான் மூன்றாவது ஜாதகம் வருகிறது. அது நாம் ஓட்டும் சாலை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் ரோட்டை எடுத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் போகிறோம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 700 சுற்று. கடைசி கியர் நேரடி, பின் ஆக்சில் விகிதம் 3.5 என்றால் இன்ஜின் சுமார் 2,450 ஆர்.பி.எம். ஸ்டால் 3,500 உள்ள கன்வெர்ட்டர் இந்த வேகத்தில் இறுகிப் பிடிக்காது. லேசாக மிதித்து ஓட்டும்போது வழுக்கல் குறைவுதான் என்றாலும், முந்துவதற்கு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கொதிக்கும், பெட்ரோல் கரையும்.

எவ்வளவு சூடு? ஸ்டால் நிலையில் இன்ஜின் தரும் சக்தி முழுவதும் எண்ணெயில் வெப்பமாகவே போகிறது. 2,000 ஆர்.பி.எம்.மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 42 கிலோவாட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 42-ஐ ஒரு சிறிய எண்ணெய்ப் பாத்திரத்துக்குள் போட்டது மாதிரி! அதனால்தான் ஸ்டால் சோதனையைச் சில விநாடிகளுக்கு மேல் செய்யக்கூடாது என்பார்கள். ஸ்டால் கூடிய கன்வெர்ட்டர் போடுபவர்கள் தனியாக ஆயில் கூலர் வைப்பதும் இதற்காகத்தான்.

பௌர்ணமி அன்று கதையே வேறு. சென்னை, புதுச்சேரியிலிருந்து கிரிவலம் போகும் வண்டிகள் வந்து குவியும்போது செஞ்சி கூட்டு ரோட்டில் ஊர்ந்துதான் போக வேண்டும். ஐடிலிங்கில் தடுமாறும் இன்ஜின், கல்லாகிப் போன பிரேக், சூடேறும் கியர் ஆயில், கூடவே ஏ.சி. வேறு! பந்தயக் காருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

எனவே ரோட்டுக் காருக்கு வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில், அன்றாடம் ஓட்டும் வேகத்தில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் இருக்கும் என்று கணக்கிட வேண்டும். அந்த வேகத்துக்குக் கீழேயே டார்க் தரத் தொடங்கும் கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமின் சக்தி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்டால் வரும்படி கன்வெர்ட்டரை எடுக்க வேண்டும். அந்த ஸ்டாலும் ஓட்டும் வேகத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமை வாங்கிவிட்டு மற்றதைத் தேடுகிறார்கள். பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பத்திரிகையும் அடித்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல :-)

இன்றைய நிலை

காலம் இந்தச் சண்டைக்குச் சில சமாதானங்களைக் கொண்டுவந்தது. 1978-ல் கிரைஸ்லர் தன் கார்களில் லாக்-அப் கன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. வேகம் எடுத்ததும் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து வழுக்கலை நிறுத்திவிடும். சூரி ரயிலில் பிடித்த அதே தத்துவம். கேம் பக்கத்தில் ஹோண்டா 1989-ல் விடெக் முறையைக் கொண்டுவந்தது. ஒரே ஷாஃப்டில் மெதுவான வேகத்துக்கு ஒரு லோப், அதிவேகத்துக்கு இன்னொரு லோப். இரண்டு கேம் ஒரே உடம்பில்!

இன்னொரு எச்சரிக்கை. இன்று ஆட்டோமேட்டிக் என்று விற்கும் கார் எல்லாவற்றிலும் கன்வெர்ட்டர் இருப்பதில்லை. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்ச்சை ஆள் மிதிப்பதற்குப் பதில் இயந்திரம் மிதிக்கிறது. மேலே சொன்ன ஸ்டால் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேகத்தைச் சோதிக்க ஆசைப்படுபவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையும் கோவையும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டு மந்தையும் குறுக்கே வரும் எங்கள் ரோடு அதற்கான இடம் இல்லை.

முடிவுரை

ஃபோட்டிங்கர் கப்பலுக்காகவும், சூரி ரயிலுக்காகவும், கலிஃபோர்னியா இளைஞர்கள் பந்தயத்துக்காகவும் யோசித்தது ஒரே கேள்வியைத்தான். சக்தி பிறக்கும் வேகமும் சக்தி தேவைப்படும் வேகமும் ஒன்றாக இல்லாதபோது என்ன செய்வது? சோழவரத்து ஓட்டுநர்கள் அதற்குக் காலால் விடை கண்டார்கள். ஆட்டோமேட்டிக் காரில் அந்த விடையைப் பாகம் வாங்கும் முன்பே காகிதத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு பேனா, ஒரு வர்க்கமூலம், கொஞ்சம் பொறுமை. நம் பட்டறைகளின் அனுபவ அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்து, தெரிந்தவர்களோடு போய்விடுகிறது. அதைத் தமிழில் எழுதி வைத்தால், அடுத்து ஸ்பேனர் எடுக்கும் பையன் பணத்தைத் தொலைத்துக் கற்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வழியில் ஜே.சி.பி. ஒன்று மண்ணில் முட்டி நின்று உறுமுவதைப் பார்த்தால், கொஞ்சம் நின்று கேளுங்கள். அதுதான் ஸ்டால் வேகம்.